நாற்பது நொடி

தேவநாதனின் முன்பற்கள் இரண்டும் புதியவை. பழையவற்றைப் போன ஏப்ரலில், திண்டிவனத்திலுள்ள இதே கிரில் பட்டறையில், ஒன்றரை இன்ச் பட்டைக்கம்பியால் உடைத்தவன் அவனுடைய தங்கை புருஷன் சித்தார்த்தன். அதனால்தான் இன்று காலை ஐந்து மணிக்கு, அமெரிக்க பாஸ்கெட்பாலின் புது சீசனில் தன் அணியின் முதல் ஆட்டம் தொடங்கும் முன், சித்தார்த்தன் சுத்தியல், உளி, கம்பித் துண்டு என்று கைக்கு அகப்படுகிற இரும்பையெல்லாம் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை மனைவி வேணியிடம் கொடுத்தான்.

"இந்த வருஷம் இதுக்கெல்லாம் வேலையே இருக்காது வேணி. ஏழடி ஆளு ஒர்த்தன எடுத்துக்கினு வந்துருக்கானுங்க. கோச்சும் புதுசு."

"போன வருஷமும் இதயேதான் சொன்ன." வேணி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "இன்னொரு வாட்டி டிஸ்க்கு வெடிச்சுதுன்னு வை, நானே ஸ்டேஷனுக்குப் போவேன். எங்கண்ணன் தடுத்தாலும் போவேன்."

டிஸ்க் என்றால் கிரைண்டர் டிஸ்க். அது வெடித்து முகத்தில் அடித்துவிட்டது என்பது, விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டரிடம் தேவநாதன் ரத்தம் துப்பிக்கொண்டே சொன்ன பொய். இங்கே பாதி செய்திருந்த கேட்டின் மேல் தெறித்திருந்த ரத்தத்தைச் சித்தார்த்தன் தின்னர் ஊற்றித் துடைத்தான். அந்தக் கேட் இப்போது மயிலம் ரோட்டில் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறது.

அமெரிக்காவில் ராத்திரி ஆடுகிற பாஸ்கெட்பால் இங்கே விடிகாலையில் வரும். ஆனால் எல்லாம் ஒன்றாக வந்து சேர்வதில்லை. படத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றையும் சுருக்கி, கடல் தாண்டி அனுப்புகிறார்கள். செல்போன் நாலைந்து துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகுதான் முதல் துண்டைக் காட்டும். ஸ்கோர் அப்படியில்லை, வெறும் எண். மூட்டை முடிச்சு இல்லாத ஆள் பஸ்ஸில் முதலில் ஏறிவிடுவதுபோல் அது முந்திக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே நாற்பது நொடி. சித்தார்த்தன் படம் பார்ப்பவன். தேவநாதன் தன் போனில் ஸ்கோரை மட்டும் பார்ப்பவன்.

ஏப்ரலில் அணி ஒரு பாயின்ட் முன்னால் இருந்தது. கடைசி மூன்று நொடி. சித்தார்த்தனின் படத்தில் எதிராளி பந்தைக் கையில்கூட வாங்கவில்லை. அதற்குள், "போச்சு மாப்ள, மூட்டயக் கட்டு" என்று சிரித்தான் தேவநாதன். தோற்பது சித்தார்த்தனுக்குப் புதிதில்லை, பதினோரு வருடப் பழக்கம். பொறுக்க முடியாமல் போனது அந்த நாற்பது நொடியைப் பிடுங்கிக்கொண்டதைத்தான். கம்பி எப்போது கைக்கு வந்தது என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. சத்தம் மட்டும் நினைவிருக்கிறது, மல்லாட்டையைத் தோட்டோடு காலில் மிதித்த மாதிரி.

இப்போது மணி ஏழரை. தகரக் கூரையில் ஐப்பசி மழை அறைந்தது. அணி ஒரு பாயின்ட் பின்னால், ஆறு நொடி பாக்கி.

"மச்சான், அந்த போனைக் கவுத்து வையேன்."

"வாயத் தொறக்க மாட்டண்டா. எனக்கு மூணாவது செட்டு பல்லு மொளைக்காது."

தேவநாதனின் போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. அவன் பார்த்தான். பிறகு நிமிர்ந்து சித்தார்த்தனையே பார்த்தான். உதடு இறுகியிருந்தது, நாக்கு உள்ளே புதுப்பல்லைத் தடவுவது கன்னத்தில் தெரிந்தது. சிரிப்பை அடக்குகிறானா, பயத்தை அடக்குகிறானா?

படத்தில் ஏழடிக்காரன் நிலைக்கால் மாதிரி அசையாமல் நின்று எதிராளி ஒருவனை மறித்தான். அந்த நெடியவன் தோளை உரசிக்கொண்டு பந்துக்காரன் நழுவி எகிறினான். பந்து கையை விட்டது.

படம் உறைந்தது. நடுவில் வெள்ளை வட்டம் சுற்றியது.

"சொல்லாத மச்சான்," என்றான் சித்தார்த்தன். "சொல்லாத."

"நான் ஒண்ணுமே சொல்லலியே மாப்ள," என்றான் தேவநாதன், கண் மட்டும் கீழே போக. "கைய எடு."

சித்தார்த்தன் குனிந்து பார்த்தான். பெஞ்சில் முடுக்கியிருந்த வைஸை, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற அந்தக் கிடுக்கியை, காலையில் அவன் கணக்கில் சேர்க்கவில்லை. அதன் கைப்பிடிக் கம்பியின் ஒரு முனைக் குமிழ் போன மாசமே கழன்று விழுந்திருந்தது. கம்பி அவன் பிடியில் பாதிக்குமேல் வெளியே வழுக்கி வந்திருந்தது.

வாசலில் வேணி இரண்டு டம்ளர் டீயோடு நின்றாள். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பந்து வளையத்துக்கு ஒரு சாண் மேலே, விழாமல், அப்படியே நின்றது.