செர்வாரேக்கு வேர் தேடியவர்

என் கணவர் பிலேரோஸ் வார்த்தைகளுக்கு வேர் தேடுகிறவர். எசமான் கல்வென்டியுஸ் அவருக்கு விடுதலை கொடுத்து நான்கு வருடமாகிறது. எனக்கு இன்னும் கொடுக்கவில்லை. எனக்கோ வயிற்றில் எட்டு மாதம். பிறக்கும் நேரத்தில் தாய் அடிமையென்றால் பிள்ளையும் எசமானின் சொத்துதான். தகப்பன் யாராக இருந்தால் என்ன. ரோமில் இதுதான் சட்டம். அந்த டிசம்பர் முழுக்க எனக்கு இதே கவலைதான்.

எசமானும் அடிமையும் இடம் மாறிக்கொள்ளும் சாத்தூர்ன் திருவிழா விருந்தில் பேசுவதற்கு எசமான் ஒரு லத்தீன் வினைச்சொல்லைக் கொடுத்திருந்தார்: செர்வாரே.

"அடிமையை செர்வுஸ்னு சொல்றோம்ல? ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரி இருக்கு. எப்படின்னு எடுத்துச் சொல்லுடா. பேச்சு பிடிச்சா கேட்டதைத் தர்றேன்."

கேட்கப்போவது என் விடுதலையை.

ஒரு வாரம் மெழுகுப் பலகையும் கையுமாக மனிதர் அலைந்தார். காலையில் ஒரு வேர், மாலையில் இன்னொன்று.

"செர்வாரேன்னா முதல்ல கண்ணெடுக்காம பார்க்கிறது. மேய்ப்பன் மந்தையைப் பார்ப்பான்ல, அப்படி. அப்புறம் காவல் காக்கிறது. அப்புறம் காப்பாத்துறது. போர்ல பிடிச்சவனை வெட்டாம உயிரோட விட்டாங்க. அவன்தான் செர்வுஸ், காப்பாத்தப்பட்டவன்."

"மேய்ப்பன் ஆட்டைக் காக்கிறது ஆட்டுக்காகவாய்யா?"

"குழப்பாதடி. செர்வுஸ்ங்கிறதே வடக்கே எத்ருஸ்கானியர் சொல்லோன்னு எனக்கு ஒரு சந்தேகம். அப்படின்னா செர்வாரேக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

"அதைச் சொல்லேன்."

"எசமானுக்குப் பிடிக்காது."

நான் இந்த வீட்டுச் சமையலறையில் பிறந்தவள். எந்தப் போரிலிருந்து, யார் வாளிலிருந்து என்னைக் காப்பாற்றினார்கள்? இதெல்லாம் படித்தவர்களுக்குப் புரியும் போலிருக்கிறது.

திருவிழாவின் கடைசி நாள் விருந்து. விடுதலை பெற்றவர்கள் போடும் கம்பளித் தொப்பி அன்று அடிமைகள் எங்கள் தலையிலும் இருந்தது. எசமானே பன்றிக்கறித் தட்டைத் தூக்கிவந்து எங்களுக்குப் பரிமாறினார். பிலேரோஸ் பேசினார். மேய்ப்பன், மந்தை, போர்க்களம், இரங்கிய தளபதி. அழகாகத்தான் பேசினார், பாவி. எசமான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன வேணும், கேளுடா!"

"எசமான், என் பொண்டாட்டி திரிபைனாவுக்கு விடுதலை. பிள்ளை பிறக்கிறதுக்கு முன்னாடி."

எசமான் முகம் வாடிப்போனது. நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"என்னடா, இப்பத்தானே சொன்னே, அடிமைன்னா காப்பாத்தப்பட்டவன்னு? வயித்துப் பிள்ளையோட இருக்கிறவளைக் கைவிடச் சொல்றியா? நான் அவ்வளவு கல்நெஞ்சனா?"

அன்று அடிமையும் வாய் திறக்கலாம். திறந்தேன்.

"யார்கிட்டேருந்து எசமான் என்னைக் காப்பாத்துனீங்க?"

கூடமே சிரித்தது. எசமான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார்.

"திருவிழா வந்தா வாயைப் பாரு! கவலைப்படாத. பையன் பிறந்தா செர்வாத்துஸ்னு பேரு வைக்கிறேன். காப்பாத்தப்பட்டவன். உன் புருஷன் பேச்சுக்கு அதுதான் பரிசு."

பிலேரோஸ் பழக்கதோஷத்தில் நன்றி சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை தொப்பிகளைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிலேரோஸின் தொப்பி மட்டும் அவர் தலையிலேயே இருந்தது. அது அவருடையது.

"எங்க தப்புப் பண்ணேன்? அந்த வடக்கத்தி வேரையே சொல்லியிருக்கலாமோ?" என்றார்.

எனக்கு அவர்மேல் கோபமா, பரிதாபமா என்றே தெரியவில்லை. என் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.