ஆந்தைக்கு ஒரு பாலிஷ் பெட்டி

எங்கள் பட்டறையில் அவர் தச்சர், நான் பாலிஷ்காரி. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாக என் கை படாமல் ஒரு முக்காலிகூட வெளியே போனதில்லை. அந்தத் திமிர்தான் அன்றைக்கு இரண்டு உயிருக்கு எமனாகப் பார்த்தது.

பட்டறை வாசலில் ஒரு பட்ட மரம். அதன் பொந்தில் ஆந்தை ஜோடி ஒன்று குடியிருந்தது. ஆந்தைக்குக் கூடு கட்டும் வேலையே கிடையாது; ஒரு குச்சிகூடக் கொண்டுவராது. வாசல் குறுகலாக, உள்ளே இருட்டாக, ஆழமாக ஒரு பொந்து கிடைத்தால் போதும், முட்டையிட்டுவிடும். மகா சோம்பேறிகள் என்று தினமும் திட்டுவேன். ஆனால் ஒரு நாள் அதுகளைக் காணாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அன்று விடியற்காலைக் காற்றில் பொந்து இருந்த கிளை முறிந்து விழுந்தது. உள்ளே இரண்டு குஞ்சுகள், பஞ்சு உருண்டைக்குக் கண் வைத்த மாதிரி. நல்லவேளை, அடிபடவில்லை. தாயும் தகப்பனும் எதிர்ச்சுவரில் உட்கார்ந்து முழித்தன. சுற்றிலும் காகங்கள். இருட்டுவதற்குள் தாய் ஏற்றுக்கொள்கிற இடமாக ஒன்று அமையாவிட்டால் குஞ்சுகள் பட்டினியிலேயே போய்விடும்.

அவர் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஒரு பெட்டி செய்தார்.

"வாசல் கைமுட்டி அளவு போதும். பெருசா வெச்சா காக்கா நுழைஞ்சிடும்" என்றார்.

பக்கத்து வீட்டில் ஏணி வாங்க அவர் போன நேரத்தில் என் கை சும்மா இருக்குமா? உள்ளும் புறமும் உப்புத்தாள் தேய்த்து ஸ்பிரிட் பாலிஷ் போட்டுவிட்டேன். முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். திரும்பி வந்தவர் வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். குஞ்சுகளை உள்ளே விட்டு, மிச்சமிருந்த மரத்திலேயே பெட்டியைக் கட்டினார்.

ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தோம். தாய் ஒரு வெட்டுக்கிளியோடு வந்து வாசல் விளிம்பில் கால் வைத்தது. சர்ரென்று வழுக்கி, சிறகடித்துப் பறந்தது. மூன்று தடவை இப்படியே. உள்ளே குஞ்சுகள் ஏறி வர முடியாமல் பலகையைப் பிராண்டும் சத்தம்.

"பல்லக்கு மாதிரி செஞ்சு குடுத்தும் மகாராணிக்குப் பிடிக்கலையா?" என்று கத்தினேன்.

"கால் வழுக்குதும்மா. அதுங்களுக்குச் சொரசொரன்னு இருக்கணும்."

"இதை அப்பவே சொல்ல வாய் இல்லையா?"

"சொன்னா நீ கேட்டிருப்பியா?"

கேட்டிருக்க மாட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டியை இறக்கச் சொல்லி, குஞ்சுகளை அவர் கையில் கொடுத்தேன். உளியை எடுத்து என் பாலிஷை நானே கொத்திக் குதறினேன், உள்ளும் புறமும்.

"மெதுவாம்மா, கையை வெட்டிக்காதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

குஞ்சுகளை உள்ளே விட்டு அவர் பெட்டியை மறுபடி மரத்தில் கட்டினார். வெளிச்சம் மங்கும்போது தாய் மறுபடி வந்தது. இந்த முறை நகம் பிடித்துக்கொண்டது. உள்ளே எட்டிப் பார்த்தது, எங்களை ஒரு முறை முறைத்தது, நுழைந்துவிட்டது. குஞ்சுகளின் கத்தல் அடங்கியது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பாலிஷ் நாத்தம் இன்னும் போகலையே, எப்படிங்க உள்ளே போச்சு?"

"அதோட உசிரு உள்ளே இருக்கே. எனக்கும்தான் அந்த நாத்தம் ஆகாது. கல்யாணமான நாளா தலைவலி. அதுக்காக வேற பொந்து தேடிப் போயிட்டேனா?"

மறுநாள் காலையில் பாலிஷ் டப்பாக்களை எல்லாம் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இனிமேல் பாலிஷ் வேலை அங்கேதான்.