இடையில் ஒரு நாள்

“தொழில்னு ஒரு கட்டம் இருக்கு அண்ணி. என்ன எழுதட்டும்?”

இறப்புப் பதிவுப் படிவத்தோடு கொழுந்தன் வந்து நின்றபோது அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. கூடத்தில் கிடத்தியிருந்த அவள் கணவர் பத்தொன்பது வருஷமாகப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் நடத்தியவர். ஆனால் இன்றைய தேதியில் அவருக்கு அங்கே வேலை இல்லை.

தற்காலிக விரிவுரையாளர்களுக்குப் பதினோரு மாத ஒப்பந்தம். முடிந்ததும் ஒரு நாள் வெளியே நிறுத்தி, மறுநாள் புதிதாகச் சேர்ப்பார்கள். தொடர்ந்து வேலை பார்த்தேன், நிரந்தரமாக்கு என்று யாரும் கேட்டுவிடக் கூடாதாம்.

“இன்னைக்கு நான் வேலையில்லாப் பட்டதாரி. பார்த்துச் சோறு போடும்மா.” அந்த ஒரு நாளில் அவர் தவறாமல் சொல்லும் வேடிக்கை அது. இன்று காலையிலும் சொன்னார். பிறகு நாளைக்குப் போடவேண்டிய சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

நிரந்தர வேலைக்கு ஏழு முறை விண்ணப்பித்தார். ஒவ்வொரு நேர்காணல் முடிந்தும் “நல்லாத்தான் கேட்டாங்க” என்பார். கடைசி இரண்டு முறை அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

“வேலை இல்லைன்னே போட்டுடவா?” கொழுந்தன் தயங்கினான்.

“அப்படி எழுதாதீங்க.”

வாசலில் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் துறை கிளார்க்கும் இருந்தார். வீட்டில் அவருக்குச் சட்டப்புத்தகம் என்று பெயர். ஒருமுறை, பரீட்சை நெருங்குகிறதே என்று இதுபோன்ற வேலையில்லா நாளில் பாடம் எடுக்கப் போன அவள் கணவரைப் பாதி வகுப்பில் வெளியே அனுப்பியவர். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொழுந்தனுக்கு அதெல்லாம் தெரியாது. “சார், ஆபீஸ்ல இருக்கிறவர் நீங்க. இதுல என்ன எழுதணும்?”

போச்சு, என்று நினைத்தாள். இவர் வாயைத் திறந்தால் விதிதான் வரும்.

கிளார்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். கூடத்தை ஒருமுறை பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்து, முட்டியில் வைத்து நிதானமாக எழுதினார்.

கொழுந்தன் எட்டிப் பார்த்தான். “பேராசிரியரா? விரிவுரையாளர்தானே சார்?”

“ஒழுங்கா வேலை குடுத்திருந்தா இந்நேரம் அதானே ஆகியிருப்பார்.” கிளார்க் பேனாவை மூடிப் பையில் செருகினார். “யாராவது கேட்டா என்கிட்ட அனுப்புங்க.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நேரமாச்சு அண்ணி. அண்ணனுக்குப் போட ஒரு சட்டை குடுங்க.”

உள்ளே மேசைமேல் அந்தச் சட்டை விரித்தபடியே கிடந்தது. ஒரு கை மட்டும் தேய்க்காமல் கசங்கியிருந்தது. அவள் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டு, சூடாகும் வரை நின்றாள்.