நான்கிலும் முப்பத்தொன்று

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு டயர்களின் காற்றழுத்தத்தை அளந்தேன். முன் இடது டயர் முப்பத்தொன்று. முன் வலது முப்பத்தொன்று. பின்னால் இரண்டும் அதே. சனிக்கிழமை சாயங்காலம் அத்தான் கையெழுத்துப் போட்டிருந்த தாளில் நான்கு கட்டத்திலும் முப்பத்தாறு என்று இருந்தது.

இது ஐந்தாவது திங்கள். ஒரு டயர் என்றால் ஆணி என்று விட்டுவிடலாம். நான்கிலும் பாகம் பிரித்தாற்போல் ஐந்து ஐந்தாகக் குறைக்கும் அளவுக்கு எந்த ஆணியும் நியாயஸ்தன் இல்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். எங்கள் நிறுவனத்தில் ஃபோர் வீல் டிரைவ் வண்டியை அவர்தான் ஓட்டுகிறார். வண்டிகளின் தாள்களைப் பார்ப்பது என் வேலை; சாயங்காலம் வண்டிப் பராமரிப்பு வகுப்புக்கும் போகிறேன். நிறுவனம் பார்த்துக்கொள்ளும் தண்ணீர்ப் பம்புகள் மணலுக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. மணலில் இறங்குமுன் காற்றை இருபதுக்கு இறக்க வேண்டும். டயர் சப்பையாகப் பரந்தால்தான் புதையாது. திரும்பித் தார்ச்சாலை ஏறியதும், வண்டியிலுள்ள சின்னக் காற்றுப் பம்பால் மறுபடி நிரப்ப வேண்டும். கொளுத்தும் வெயிலில் டயருக்கு ஆறு நிமிடம். முப்பத்தொன்றோடு நிறுத்திக்கொண்டால் மொத்தத்தில் ஏழு நிமிடமாவது மிச்சம். இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். அத்தான் அப்படிச் செய்வாரா என்பதைத்தான் கணக்குப் போட முடியவில்லை.

மேலாளர் அன்றைக்கே கூப்பிட்டார். எந்தத் தாளையும் மூக்கருகே வைத்துப் படிப்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

"புது டயர், மூணே மாசத்துல ரெண்டு ஓரமும் தேஞ்சு நிக்குது. காத்து கம்மியா ஓட்டினாத்தான் இப்படித் தேயும். வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடு. டிரைவர் தப்புன்னா வேற ஆளைப் போட்டுடறேன். அக்கா புருஷன்னு பாக்காதே."

இரவுச் சாப்பாட்டில் அக்கா கேட்டாள். "என்னடி, உங்க அத்தானையே முறைச்சுக்கிட்டு இருக்கே?"

"மாலை வகுப்புல சொல்லிக் குடுத்திருப்பாங்க, மனுஷனையும் அளந்து பாக்கணும்னு" என்றார் அத்தான். என் பக்கம் திரும்பவேயில்லை. குற்றமுள்ளவர் இப்படித்தான் இருப்பாரா, அல்லது சாம்பாரில் கவனமாக இருந்தாரா என்று எனக்கு நிச்சயமில்லை.

புதன்கிழமை, பம்புகளின் எண்ணைச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு காரணம் சொல்லி வண்டியில் ஏறிக்கொண்டேன். கையும் களவுமாகப் பிடிப்பதுதான் திட்டம். திரும்பும்போது தார்ச்சாலை ஓரத்தில் அவர் காற்றடிப்பதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒவ்வொரு டயருக்கும் மூன்று தடவை குனிந்து, காற்றை அளக்கும் கேஜைப் பார்த்தார். கொஞ்சம் கூடினால் கொஞ்சம் விட்டார். பிறகு நான் என் கேஜை எடுத்து அளந்தேன். நான்கிலும் முப்பத்தாறு.

"நிம்மதியா?" என்றார்.

"நான் எதுக்கு வந்தேன்னு..."

"தெரியும். நீ வந்ததும் நல்லதாப் போச்சு. அஞ்சு வாரமா நான் உன்னைத்தான் சந்தேகப்பட்டுட்டு இருக்கேன்."

"என்னையா?"

"பின்ன? நான் முப்பத்தாறு வெச்சிட்டு வீட்டுக்குப் போறேன். சாவி உங்க ஆபீஸ்ல. திங்கக்கிழமை முதல் ஆளா வந்து டயர்கிட்ட குனியறது நீ. காத்து எங்க போகும்? கூடப் படிக்கிறவன் எவனுக்காவது என் வண்டியை வாங்கிக் குடுக்கப் பாக்கறியோன்னு நெனச்சேன். உங்க அக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் முழிச்சுக்கிட்டு இருந்தேன்."

சாய்ந்து நிற்கலாம் என்று டயர்மேல் கையை வைத்தேன். சுட்டது. சட்டென்று எடுத்துவிட்டேன்.

"அத்தான், முன்னெல்லாம் இங்க எவ்வளவு வெப்பீங்க?"

"நாப்பது, நாப்பத்தொண்ணு. காரணமெல்லாம் தெரியாது. அப்படி வெச்சா மறுநாள் காலையில சரியா இருக்கும். புது டயர் போட்டதும் நீதானே முப்பத்தாறுக்கு மேலயும் கூடாது கீழயும் கூடாதுன்னு எழுதி வண்டிக்குள்ள ஒட்டினே? படிச்ச புள்ள எழுதியிருக்கு, எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

அன்று வகுப்புக்குப் போகுமுன் நோட்டைத் திறந்து பார்த்தேன். முப்பத்தாறு என்று பெரிதாக எழுதி இரண்டு கோடு போட்டிருந்தேன். அடுத்த வரியில், என் கையெழுத்திலேயே: "ஆறிய டயருக்கு மட்டும்." ஓடிச் சூடான டயரில் காற்று விரிந்து எண்ணைக் கூட்டிக் காட்டும்; ஆறியதும் இறங்கிவிடும். நான் அந்த முதல் வரியை மட்டும் வண்டிக்குக் கொடுத்திருக்கிறேன்.

அறிக்கையை அப்படியே எழுதினேன். தப்பு என்னுடையது என்று கடைசி வரி. வெள்ளிக்கிழமை மதியம் மேலாளர் அதை மூக்கருகே வைத்துப் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"நல்லா எழுதியிருக்கே. அக்கா புருஷனைக் காப்பாத்த நீயே பழியை ஏத்துக்கறியோ?"

"இல்ல சார். அளந்து காட்டறேன்."

"நீ அளக்க வேண்டாம். நான் அளக்கறேன்."

அத்தான் வண்டியை உள்ளே விட்டபோது மணி நாலே முக்கால். மேலாளர் நாற்காலியைப் பின் டயருக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். கையில் அவர் வாங்கிவந்த புது கேஜ். "ரெண்டு பேரும் வால்வுகிட்ட வராதீங்க" என்றார். முதலில் முப்பத்தாறு. கால் மணி கழித்து முப்பத்தைந்து. ஐந்தரைக்கு முப்பத்திமூன்று. நடுவில் எங்கேயாவது நின்றுவிட்டால் அத்தான் கையை விட்டு வண்டி போய்விடும், அக்கா முகத்தில் நான் எப்படி விழிப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூவரும் டயரைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

ஆறரைக்கு முப்பத்திரண்டுக்கும் கீழே வந்தது. மேலாளர் கேஜை ஊதினார், தட்டினார், மற்ற மூன்றையும் அளந்தார்.

"வண்டி அவர்கிட்டயே இருக்கட்டும்" என்றார். "அறிக்கையில உன் பேரை எழுதியிருக்கே. அதை அடிக்க மாட்டேன்."

"அடிக்க வேண்டாம் சார்."

நான்கு வால்வு மூடிகளையும் தன் கையாலேயே திருகிவிட்டுப் போனார்.

"சரி, நாளைக்கு எவ்வளவு வெக்கட்டும்?" என்றார் அத்தான்.

நாற்பத்தொன்று என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். "முதல்ல காலையில அளந்து முப்பத்தாறு வெப்போம். மணல்ல இறங்கறதுக்கு முன்னாடி அது எங்க ஏறி நிக்குதோ, திரும்பும்போது அதையே வெச்சுடலாம்."

"எத்தனை மணிக்கு அளப்பே?"

"ஏழு."

"நானும் ஏழுக்கே வந்துடறேன்" என்றார்.