கஞ்சி போட்ட சட்டை

முன்கோபம் என்னோடு பிறந்தது. பொறுமை முழுவதும் தங்கச்சிக்குப் போய்விட்டது. அந்தப் பொறுமையைத்தான் அவள் புருஷன் ஆறு வருஷமாக அடித்துக்கொண்டிருந்தான்.

நான் பள்ளிக்கூடத்தின் உயிரியல் ஆய்வக உதவியாளர். அன்று காலை மணி அடிக்கும் முன்பே செல் சவ்வுப் பாடத்துக்கான சோதனையை மேசைமேல் வைத்துவிட்டேன். மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கஞ்சித் தண்ணீர். வாயில் இறுக்கமான முடிச்சு. அதை ஒரு கண்ணாடிக் குவளையில் அயோடின் கலந்த பழுப்புத் தண்ணீருக்குள் முக்கி வைக்க வேண்டும். அயோடின் சின்னது, பையின் கண்ணுக்குத் தெரியாத துளை வழியே உள்ளே நுழைந்துவிடும். கஞ்சித்துகள் பெரிது, வெளியே வராது. கஞ்சியைத் தொட்டால் அயோடின் கருநீலமாகிவிடும்; அரை மணியில் பைக்குள் கருநீலம், வெளியே அதே பழுப்பு.

பைக்குள் நீலம் ஏறிக்கொண்டிருந்தபோது தங்கச்சி வந்தாள். உதடு கிழிந்திருந்தது.

"என்னடி இது?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்க்கா."

"உன் வீட்டுக் கதவுக்குக் கையெல்லாம் முளைச்சிருக்கா?"

அழுதுவிட்டாள். "இனிமே போகமாட்டேன்க்கா. செத்தாலும் போகமாட்டேன்."

பள்ளி விடுதியில் அவளுக்கு ஓர் அறை கேட்டு இரண்டு முறை தலைமையாசிரியையிடம் போயிருந்தேன். "அவரா? அவ்வளவு நல்ல மனுஷனா? ஆதாரம் இருந்தா சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார். தேன் தடவிய பேச்சு, கசங்காத வெள்ளைச் சட்டை. ஊரே அவன் பக்கம்.

கதவு படாரென்று திறந்தது. அவன்தான். தங்கச்சியின் கொண்டையைப் பிடித்து இழுத்து, கை கழுவும் தொட்டியின் விளிம்பில் தலையை மோதினான். மறுபடி மோதினான். நான் முக்காலியைத் தூக்கி அவன் முதுகில் போட்டேன். திரும்பி என் வயிற்றில் ஒரே குத்து. நான் மேசைமேல் சாய்ந்ததில் குவளை விழுந்து நொறுங்கியது. பை மட்டும் உடையாமல் தரையில் உருண்டது.

"நீங்க இதுல தலையிடாதீங்க. எனக்கும் என் பொண்டாட்டிக்கும் நடுவுல!" என்றவன் அவள் விலாவில் உதைத்தான். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. பாவி! கைக்குக் கிடைத்த அயோடின் புட்டியை அவன்மேல் வீசினேன். தோளில் பட்டு உடைந்து அவன் சட்டைக் கை முழுக்க வழிந்தது.

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டதும் காலரைச் சரிசெய்துகொண்டு வெளியே போய் நின்றான்.

"அக்காளும் தங்கச்சியும் அடிச்சுக்கிறாங்க மேடம். சத்தம் கேட்டு இப்பதான் வந்தேன். நான் உள்ளே காலே வைக்கலை."

தலைமையாசிரியை என்னை முறைத்தார். என் கோபம் அவருக்குப் பழக்கம்தான். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"சட்டையில என்ன கறை?"

"பேனா மை மேடம். பஸ்ஸுல கொட்டிடுச்சு."

அவர் உள்ளே வந்து, கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே குனிந்து அந்தப் பையை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு வெளியே போய் அவன் தோளருகே பிடித்தார். பையும் கறையும் ஒரே கருநீலம்.

"இந்தப் பாடத்தைப் பதினெட்டு வருஷம் நடத்தினவ நான். அயோடின் இந்த ரூமை விட்டு வெளியே போறதில்லை" என்றார். "வாட்ச்மேன், கேட்டைப் பூட்டு. போலீசுக்குப் போன் போடு. விடுதி அறைச் சாவியையும் எடுத்துட்டு வா."

அவன் கறையைக் கையால் மறைத்தான்.

தங்கச்சி விலாவைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் எழுந்து உட்கார்ந்தாள். ஆறு வருஷத்தில் முதல்தடவையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"சட்டைக்குக் கஞ்சி பத்தலைன்னுதான் மேடம் நேத்து அடிச்சாரு" என்றாள். "அதான் இன்னைக்குக் கெட்டியாப் போட்டேன்."