கந்தம்மாள் பூமிக்கு வடக்கு

1

இந்தக் கதை ஒரு ஜெராக்ஸ் கட்டிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்திரம் எழுதுவது என் பிழைப்பு, கதை எழுதுவது என் கெட்ட பழக்கம். இரண்டும் கொடைக்கானலில் ஒரே மேசையில்தான் நடக்கின்றன. சன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து இரண்டையும் ஈரமாக்கிவிட்டுப் போகும்.

பக்கத்து நிலத்துப் பழைய பத்திரங்களின் நகல் அது. கட்டைக் கொண்டுவந்தவள் வில்பட்டி சின்னத்தாயி. டவுனில் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்புத் துவைக்கிறாள். அவள் அம்மா கந்தம்மாள் பூண்டு போட்டு வந்த அரை ஏக்கர், அம்மா போனபின் இவள் கையில் இருந்தது. சுற்றியுள்ள நிலத்தையெல்லாம் வாங்கிய சேனாதிபதி என்பவர் அதையும் சேர்த்து வேலி போட்டுவிட்டார். கந்தம்மாள் பெயரில் பத்திரமும் இல்லை, பட்டாவும் இல்லை. யாரோ ஒரு தோட்ட முதலாளி வாய்வார்த்தையாகக் கொடுத்த இடம்.

“எங்கம்மா அங்க இருந்துச்சுன்னு எதுலயாச்சும் எழுதிக் கெடக்கான்னு பாருங்க, பாயம்மா. வெரசாப் பாருங்க. அடுத்த வாரம் கோர்ட்டுல வாய்தா.”

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘பேரி மரங்கள் பூத்துக் குலுங்கிய ஒரு காலையில், கந்தம்மாள் தன் மண்வெட்டியை…’

அடித்துவிட்டேன். பூத்திருந்தனவா என்று எனக்கு எப்படித் தெரியும்? பத்திரத்தில் பூ வராது. மரம் வரும், அதுவும் எண்ணிக்கையோடு.

இரண்டாவது முயற்சி: ‘கந்தம்மாள் என் கனவில் வந்து…’ இதையும் அடித்தேன். ஆனால் அவள் வந்தது உண்மை.

3

ஒரு நிலத்தை நாங்கள் அதன் அக்கம்பக்கத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வோம். கிழக்கே ஓடை, தெற்கே இன்னார் தோட்டம் என்று நான்கு எல்லை. புதுப் பத்திரம் எழுதும்போது பழையதைப் பார்த்து அப்படியே இறக்கிவிடுவது எங்கள் வழக்கம். அதனால் விழுந்த மரம் நின்றுகொண்டே இருக்கும், செத்தவர் பயிர் செய்துகொண்டே இருப்பார்.*

* பேத்துப்பாறையில், இடிந்து இருபது வருடமான ஒரு மாட்டுக்கொட்டகையை நானே மூன்று முறை விற்றுக் கொடுத்திருக்கிறேன்.

அந்தச் சோம்பல்தான் கந்தம்மாளைக் காப்பாற்றியிருந்தது. அவள் இடத்துக்கு வடக்கே உள்ள நிலம் கைமாறியபோதெல்லாம் அதன் தெற்கெல்லை அவள் பெயர்தான். 1968: ‘கந்தம்மாள் பூமிக்கு வடக்கு.’ 1979: ‘கந்தம்மாள் பூமிக்கு வடக்கு.’ 1994லும் அதேதான். தன் பெயரில் ஒரு தாளும் இல்லாதவள், அடுத்தவர் தாளில் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.

மேகம் அறைக்குள் வந்து எழுத்தெல்லாம் மங்கிய ஒரு மதியத்தில், அவள் பக்கத்துக்குப் பக்கம் நடந்து போவதைப் பார்த்தேன். முந்தானையில் விதைப்பூண்டு முடிந்திருந்தாள். எல்லார் நிலத்தையும் சுற்றி வந்தாள், தன் நிலத்துக்குள் மட்டும் இறங்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. (அந்த அழுகையை நம்பிவிடாதீர்கள். அதற்குக் காரணம் வேறு.)

4

கட்டின் கடைசிப் பத்திரம் 2018. வடக்குப் பக்கத்து நிலத்தைச் சுப்புராஜ் என்பவர் வாங்கியது. அவரிடமிருந்துதான் பிறகு சேனாதிபதிக்குப் போனது. இதில் கந்தம்மாள் இல்லை. ‘தரிசுக்கு வடக்கு’ என்று இருக்கிறது. சேனாதிபதி கோர்ட்டில் தூக்கிக் காட்டுவது இந்த ஒரு வரியைத்தான்.

இதை எழுதியவனையே வில்லனாக்கிவிடலாம் என்று பார்த்தேன். மனோஜ்குமார் என்று பெயர் வைத்தேன். வழுக்கைத் தலை, பல்லில் வெற்றிலைக் கறை, யார் கை நீட்டினாலும் வளைந்து கொடுக்கிற ஆள். இரண்டு பக்கம் தடையில்லாமல் ஓடியது. அப்புறம் மனோஜ்குமார் வாயையே திறக்க மாட்டேன் என்கிறான். எத்தனை தடவை எழுதினாலும் சும்மா உட்கார்ந்திருக்கிறான். காரணம்,

(இந்த வாக்கியத்தை நான்கு நாளாக முடிக்கவில்லை.)

5

காரணம், எழுதியது நான்.

யாரும் எனக்கு எதுவும் கொடுக்கவில்லை. மற்றவர்களைப் போல ஈயடிச்சான் காப்பி அடிக்கக் கூடாது என்று எனக்கு ஒரு திமிர். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். முப்பது வருடத்தில் கந்தம்மாள் என்று யாரும் வாங்கவுமில்லை, விற்கவுமில்லை. இல்லாத ஆளுக்கு எதற்கு எல்லை என்று பெயரை எடுத்துவிட்டுத் ‘தரிசு’ என்று திருத்தினேன். அன்று ரொம்பப் பெருமையாகக்கூட இருந்தது.

வில்பட்டி இங்கிருந்து அரைமணி நேர பஸ். போய்ப் பார்த்திருக்கலாம். மழை பெய்தது, போகவில்லை. போயிருந்தால் சின்னத்தாயி அங்கே பூண்டுக்குக் களையெடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருப்பேன்.

அவள் கட்டைக் கொடுத்த அன்று, கடைசித் தாளின் அடியில் ‘எழுதியவர்: ஃபக்ருன்னிசா’ என்ற இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

6

முடிவுகள்.

அ) நீதிபதி மூன்று பழைய பத்திரங்களையும் படித்துவிட்டு வேலியைப் பிரிக்கச் சொல்கிறார்.

ஆ) சொல்லவில்லை. சின்னத்தாயி வேலிக்கு வெளியே நின்று பூண்டுத் தாள் மஞ்சளாவதைப் பார்க்கிறாள்.

இ) மேகம் இறங்குகிறது. வேலி, ஓடை, பத்திரம் எல்லாம் அதில் கரைந்து போகின்றன. (எனக்குப் பிடித்தது இதுதான்.)

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தபோது சின்னத்தாயி வந்துவிட்டாள்.

“கடேசித் தாள்ல உங்க பேரு இருக்காமே. வக்கீல் சொன்னாரு.”

“ஆமா.”

“எடத்தப் பாத்துத்தான் எழுதுனீங்களா?”

“இல்ல சின்னத்தாயி. பாக்கல. தப்பு என்னோடதுதான்.”

வைவாள் என்று காத்திருந்தேன். வையவில்லை. மேசையில் கிடந்த தாள்களைப் பார்த்தாள்.

“இது என்னாங்க?”

“ஒன்னப் பத்தி ஒரு கதை. மூணு முடிவு எழுதியிருக்கேன்.” மூன்றையும் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

“இந்த மூணுலயும் நீங்க எங்க இருக்கீங்க, பாயம்மா?”

தாள்களைக் கவிழ்த்து வைத்தேன்.

“பாக்காம எழுதுனேன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வக்கீலு அத மட்டுந்தான் கேக்குறாரு. வெள்ளனே போகணும், பஸ்ஸுக்கு இருவது நிமிசந்தான் இருக்கு.”

கொடுத்தால் என் உரிமம் போகும். கொடுக்காவிட்டால் அவள் அரை ஏக்கர் போகும். முடிவை உங்களிடம் தருவதாக இருந்தேன், இனித் தர முடியாது. முத்திரைத்தாளை எடுத்து ‘ஃபக்ருன்னிசா ஆகிய நான்’ என்பதுவரை எழுதியிருக்கிறேன். சின்னத்தாயி எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கிறாள். கதையை இங்கேயே நிறுத்துகிறேன். என்னிடம் இருப்பது ஒரே பேனா, அது அந்தத் தாளுக்கு வேண்டும்.