கழுவிட்டேன் என்று சொல்வதற்கு முன்

என் கணவரின் அக்காவோடு, நான் அண்ணி என்று கூப்பிடுபவரோடு, எனக்கு ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. ஆனால் இங்கே ஸ்பெயினில் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் எனக்குக் கிடைத்தது மூன்று மாதத் தற்காலிக வேலை. தினமும் வேலை முடிந்ததும் என்னென்ன செய்தோம் என்று மேற்பார்வையாளர் அம்மாவிடம் ஸ்பானிஷில் வாயால் சொல்ல வேண்டும். அது வராவிட்டால் வேலை நிரந்தரமாகாது. வீட்டில் ஸ்பானிஷ் தெரிந்தவர் அண்ணி ஒருவர்தான். வேறு வழி?

அண்ணி பாடத்தை அடுப்படியிலேயே ஆரம்பித்தார்.

"செஞ்சு முடிச்சதை 'ஏ' போட்டுச் சொன்னா 'லவாதோ' மாறாது. ஏ லவாதோ லோஸ் பிளாத்தோஸ், தட்டெல்லாம் கழுவிட்டேன். கழுவின தட்டுன்னு சொன்னா தட்டோட சேர்ந்து மாறும், லவாதோஸ். விரிப்பு அவங்களுக்குப் பெண்பால், அதனால கழுவின விரிப்புன்னா லவாதாஸ்."

"அங்க மாறாதாம், இங்க மாறுமாம். இது என்ன நியாயம் அண்ணி?"

"அவங்க பாஷை, அவங்க இஷ்டம். சொல்லு."

சொல்வேன். உடனே எழுந்து போய்த் தட்டைத் தடவிப் பார்ப்பார். "வாக்கியம் சரி. தட்டுல பிசுக்கு இருக்கு. கழுவிட்டு வந்து மறுபடி சொல்லு." ஜன்னலைச் சாத்திவிட்டேன் என்றால் ஜன்னலைப் போய்ப் பார்ப்பார். மாமியார் இல்லாத குறையைத் தீர்க்க வந்தாரா என்று பல்லைக் கடித்தேன்.

முடிவு சொல்லும் நாள் வந்தது. மேற்பார்வையாளர் அம்மா பட்டியலைப் பார்த்துக் கேட்டார். விரிப்புகள்? ஏ லவாதோ. துண்டுகள்? ஏ தொப்லாதோ, மடித்துவிட்டேன். மடமடவென்று வந்தது. அறுவை அறைத் துணிகளுக்குக் கிருமிநீக்கம்? அதற்கும் வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் கடைசிக் கூடை அப்படியே கிடந்தது. அண்ணி எழுந்து போய்ப் பார்ப்பதுபோல் இருந்தது எனக்கு.

"நோ ஏ தெசின்ஃபெக்தாதோ," என்றேன். இன்னும் செய்யவில்லை.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அந்த அம்மா அந்தக் கூடையை முடிக்கச் சொன்னார். முடித்ததும் நிரந்தர வேலைக்கான தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இதே மாதிரி ஒரு இடத்துல நானும் இருந்தேன். செய்யாததைச் செஞ்சிட்டேன்னு ஒரு தப்பும் இல்லாம அழகா சொன்னேன். அன்னிக்கே அனுப்பிட்டாங்க."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணி?"

"சொல்லியிருந்தா என்கிட்ட கத்துக்கிட்டிருப்பியா?"

மாட்டேன்தான். வார்த்தைக்கு வார்த்தை அதையே குத்திக் காட்டியிருப்பேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றி அண்ணி," என்றேன். இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷத்தில் அதைச் சொன்னது அன்றுதான்.